மூன்றில் இரண்டு பங்கு சரி, எதில்?

அரசியலமைப்புத் திருத்தங்கள், அவைத் தீர்மானங்கள் பற்றி வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. அதிலிருந்தே தொடங்குவோம்.

'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவுக்கு 269 பேர் ஆதரவு, 198 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு வரவில்லையே, மசோதா தோற்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?
*- சேலம் வாசகர்*

இல்லை. 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் நடந்தது, மசோதாவை அறிமுகம் செய்யலாமா என்ற வாக்கெடுப்பு. அதற்கு வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். சிறப்புப் பெரும்பான்மை (மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு) தேவைப்படுவது பிறகு: மசோதாவைப் பரிசீலனைக்கு எடுக்கும்போது, ஒவ்வொரு பிரிவின் மீதும், கடைசியாக நிறைவேற்றும்போது. அன்று பதிவான 467 ஓட்டில் மூன்றில் இரண்டு என்றால் 312 வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அன்று அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. மசோதா கூட்டுக் குழுவுக்குப் போனது. எந்த எண்ணிக்கையைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: இது எந்தக் கட்டத்து ஓட்டு? இதைக் கேட்காமல் தலைப்புச் செய்தியை நம்பி எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

ஜிஎஸ்டி 122-ஆவது திருத்தமா, 101-ஆவது திருத்தமா? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.
*- போட்டித் தேர்வர், மதுரை*

இரண்டும் சரி. 122 மசோதாவின் எண், 101 சட்டத்தின் எண். நிறைவேறாத மசோதாக்களும் எண்ணைச் சாப்பிட்டுவிடும் என்பதால் இரண்டும் ஒட்டுவதே இல்லை. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீடு 124-ஆவது மசோதா, 103-ஆவது திருத்தம். மகளிர் இட ஒதுக்கீடு 128-ஆவது மசோதா, 106-ஆவது திருத்தம். வினாத்தாளில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

மாநிலங்களவையில் பலம் போதாவிட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டி நிறைவேற்றலாமே?
*- திருச்சி வாசகர்*

சாதாரண மசோதாவுக்குத்தான். 1961, 1978, 2002 என மூன்று முறை அப்படி நடந்தது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. இரண்டு அவையும் தனித்தனியே நிறைவேற்றியாக வேண்டும்.

குடியரசுத் தலைவர் திருத்த மசோதாவைத் திருப்பி அனுப்பலாமா?

முடியாது. 1971-இல் வந்த 24-ஆவது திருத்தத்துக்குப் பிறகு ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் கட்சி எம்.பி.க்கள் ஒரு திருத்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தார்கள். அது எதிர்ப்பு ஓட்டாகக் கணக்கில் வருமா?
*- விருதுநகர் வாசகர்*

எந்தக் கட்சி, எந்த மசோதா, எந்த அவை என்று எதையுமே எழுதவில்லை. போகட்டும், பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: வராது. பெரும்பாலும் அது மசோதாவுக்குச் செய்த உதவியாகவே முடியும். இதை எத்தனை முறை எழுதினாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருத்த மசோதாவுக்கு இரண்டு கதவுகள். ஒன்று, அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு. மக்களவையில் 543 பேர் என்றால் 272, மாநிலங்களவையில் 245 பேர் என்றால் 123. காலி இடங்களும் இந்த மொத்தத்தில் சேரும். இரண்டாவது, வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. வெளியே போனவர் இந்த இரண்டாவது கணக்கில் இல்லவே இல்லை.

மக்களவையில் ஒரு மசோதாவுக்கு 300 பேர் ஆதரவு, 180 பேர் எதிர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 480 ஓட்டு, தேவை 320. மசோதா விழுந்துவிடும். அதே 180 பேரில் 30 பேர் மட்டும் முழக்கம் போட்டுக்கொண்டு வெளியே போனால் பதிவாகும் ஓட்டு 450, தேவை 300. மசோதா பாஸ்! வெளியே வந்து மைக் முன்னால் நின்று 'எங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தோம்' என்கிறார்கள். எங்கே பதிவு செய்தார்கள்? பதிவேட்டில் அவர்கள் பெயரே இல்லை.

2016 ஆகஸ்டில் ஜிஎஸ்டி மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது அதிமுக எதிர்த்து வெளிநடப்பு செய்தது. முடிவு 203-க்குப் பூஜ்யம். அவர்கள் உள்ளே இருந்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும் என்பது வேறு. ஆனால் இன்று பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு, அந்த அவையில் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை என்றுதான் தெரியும்.

ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு 1970 செப்டம்பரை நினைவூட்டுகிறேன். மன்னர் மானியத்தை ஒழிக்கும் திருத்த மசோதா மக்களவையில் 332-க்கு 154 என்று சுலபமாகத் தாண்டியது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224, அதில் மூன்றில் இரண்டு 149.33. ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா தோற்றது. எதிர்த்த 75 பேரில் ஒரே ஒருவர் மட்டும் வெளிநடப்பு செய்திருந்தால்? 223 ஓட்டு, தேவை 148.67, கையில் 149. மசோதா பிழைத்திருக்கும். அந்த ஒருவர் நாற்காலியை விட்டு எழாததால்தான் அரசு குடியரசுத் தலைவர் உத்தரவு என்று வேறு வழி தேடியது, அதை உச்ச நீதிமன்றம் அதே டிசம்பரில் ரத்து செய்தது, கடைசியில் 1971-இல் 26-ஆவது திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஒரு விதிவிலக்கு உண்டு. மசோதாவின் ஆதரவு 272-ஐயே எட்டவில்லை என்றால் முதல் கதவு திறக்காது. அங்கே வெளிநடப்பும் எதிர் ஓட்டும் ஒரே பலன் தரும். உங்கள் எம்.பி.யைப் பார்த்தால், அன்று ஆதரவு எத்தனை இருந்தது என்று கேளுங்கள். 272-க்கு மேல் என்று அவர் சொன்னால், பிறகு ஏன் எழுந்து போனீர்கள் என்றும் கேளுங்கள்.

சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்ட பிறகும் மத்திய அரசு அசையவில்லையே. தீர்மானத்துக்கு மதிப்பே இல்லையா?
*- ராமநாதபுரம் வாசகர்*

கச்சத்தீவைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் போட்டது கோரிக்கைத் தீர்மானம். அதற்கு அரசியல் எடை உண்டு, சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. நாடாளுமன்றத்தில் தனிநபர் தீர்மானங்கள் (அமைச்சராக இல்லாத எம்.பி.க்கள் கொண்டுவருபவை) நிறைவேறினாலும் இதே நிலைதான்.

சட்டமன்றத் தீர்மானத்துக்குப் பல் முளைப்பது, அரசியலமைப்பே அதைக் கேட்கும் இடங்களில். மேலவை விவகாரம் அப்படி. 169-ஆவது பிரிவின்படி சட்டமன்றம் சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானம் போட வேண்டும், பிறகு நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டம் இயற்றும். 1986-இல் நம் மேலவை போனது அப்படித்தான். 2010 ஏப்ரலில் சட்டமன்றம் திரும்பக் கேட்டது, மே மாதமே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2011-இல் ஆட்சி மாறியது, வேண்டாம் என்று மறு தீர்மானம் வந்தது. சட்டம் இருந்தும் மேலவை அமையவில்லை.

எல்லாத் திருத்தத்துக்கும் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும் என்கிறார்களே?

எல்லாவற்றுக்கும் இல்லை. 368-ஆவது பிரிவையே ஒருமுறை படித்துவிடுங்கள், ஒரு பக்கம்கூட வராது. குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணைப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் போன்றவற்றைத் தொட்டால் வேண்டும். 28 மாநிலங்களில் 14. ஒப்புதல் தேவையா என்று சரியாகப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கூட்டுறவு சங்கங்கள் பற்றிய 97-ஆவது திருத்தம் சாட்சி. மாநிலங்களிடம் போகாததால், மாநிலக் கூட்டுறவு சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

69 சதவீத இட ஒதுக்கீடு ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. நீதிமன்றம் தொடவே முடியாது, சரிதானே?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

1994-இல் 76-ஆவது திருத்தத்தால் சேர்ந்தது சரி. தொடவே முடியாது என்பது சரியில்லை. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த சட்டங்கள் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கின்றனவா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என 2007-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

மகளிர் மசோதா 2010-லேயே மாநிலங்களவையில் நிறைவேறியதே, பிறகு ஏன் காலாவதியானது?
*- கோவை வாசகி*

மாநிலங்களவையிலேயே நிலுவையில் இருக்கும் மசோதா மக்களவை கலைந்தாலும் சாகாது. 2008-இல் அங்கே அறிமுகம் செய்தது அதனால்தான். 2010 மார்ச்சில் அங்கே நிறைவேறி மக்களவைக்கு வந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 2014-இல் மக்களவையோடு சேர்ந்து மசோதாவும் முடிந்தது.

தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதுண்டா?

உண்டு, 14. கடைசியாக ஆனது 1970-இல். 2015 ஏப்ரலில் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியதே பெரிய செய்தி. மக்களவையில் அது கரை சேரவில்லை.

கொறடா உத்தரவை மீறி, மனசாட்சிப்படி ஒரு எம்.பி. திருத்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டால் அந்த ஓட்டு செல்லுமா?
*- சட்டக் கல்லூரி மாணவர், சென்னை*

ஓட்டு செல்லும். ஆபத்து பதவிக்குத்தான். 1985-இல் 52-ஆவது திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடையில், கொறடா உத்தரவை மீறி வாக்களிக்காமல் இருப்பதும் குற்றம்தான். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பலாம்.