கையில் இருக்கும் காசுக்கு ஒரு டெஸ்க்டாப்: கேள்வி பதில்

குறைந்த செலவில் டெஸ்க்டாப் வாங்குவது, அசெம்பிள் செய்வது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். விலையை எண்ணாகச் சொல்ல மாட்டேன், இன்று எழுதினால் அடுத்த மாதமே தப்பாகிவிடும். எதில் காசு போட்டே ஆக வேண்டும், எதில் தைரியமாகக் குறைக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பையன் படிப்புக்கும் எனக்குக் கணக்கு எழுதவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கேம் எதுவும் கிடையாது. புதிதாக அசெம்பிள் செய்யலாமா, அலுவலகங்களில் ஓட்டிவிட்டு விற்கிற பழைய பெட்டியை வாங்கலாமா?

பதில்: பழைய பெட்டிதான். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவற்றை அலுவலகங்கள் மொத்தமாக வாங்கிச் சில வருடங்கள் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும். நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்த மதர்போர்டு, ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை), இரண்டும் அதிலேயே இருக்கும். அதே காசுக்குப் புதிதாக அசெம்பிள் செய்தால் இந்த இரண்டிலும்தான் முதலில் கஞ்சத்தனம் நடக்கும்.

ஆனால் இன்டெல் பிராசஸரின் ‘ஐ7’ ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018, ஆறு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). பெயரில் சின்னதாக இருந்தாலும் வேலையில் எட்டாம் தலைமுறை ஐ5தான் பெரியது. எட்டில் ஏன் நிற்கிறேன் என்றால், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில் இருந்துதான், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையில் இருந்து. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இப்போது அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப்படுகின்றன. லினக்ஸ் போடுவதாக இருந்தால் அவை நல்ல பேரம், விண்டோஸ்தான் வேண்டும் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

வாங்கும் முன் கண் முன்னால் ஆன் செய்யச் சொல்லுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு இல்லாமல் போக முடிகிறதா, எல்லா யுஎஸ்பி துளையும் வேலை செய்கிறதா, மதர்போர்டில் எந்த கெப்பாசிட்டரும் (சின்ன உருளை போன்ற பாகம்) உப்பி நிற்கவில்லையா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அதன் உடல்நிலை எப்படி என்று சொல்லிவிடும். தயங்கினால், சாக்குச் சொன்னால், அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: அதே மாதிரிப் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்னால் கேமுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்க்க முடியுமா?

பதில்: பெட்டியின் அளவைப் பொறுத்தது. ஒல்லியான எஸ்எஃப்எஃப் வகை என்றால் அரை உயரக் கார்டுதான் நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்குத் தனி மின் இணைப்பு பொதுவாக இருக்காது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் கடையில் கிடைக்கும் வேறொன்றால் மாற்ற முடியாது, அளவும் இணைப்பானும் கம்பெனியின் சொந்த வடிவம். ஆக, கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டாகப் பார்க்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650இன் அரை உயர மாடல் நன்றாகப் பொருந்தும், தனி மின் இணைப்பு கேட்கும் மாடல்களும் அதில் உண்டு என்பதால் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6400ஐயும் சிலர் சொல்வார்கள், அது நான்கு பாதையில் மட்டும் ஓடும் பிசிஐஇ 4.0 (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) கார்டு, உங்கள் பழைய போர்டின் 3.0 ஸ்லாட்டில் வேகம் கணிசமாகக் குறையும். இன்டெல் ஆர்க் பக்கமே போகாதீர்கள், ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே தடவையில் அணுகவிடும் வசதி) இல்லாத போர்டில் அது தவழும்.

பெரிய டவர் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், மூச்சுவிட இடம் இருக்கும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். ஒன்றை மட்டும் மாற்றத்தான் காசு இருக்கிறது. ரேமா, எஸ்எஸ்டியா?

பதில்: எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்), யோசிக்கவே வேண்டாம். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி விநாடி. தேவையான இடம் படிக்கும் தலைக்கு அடியில் வரும்வரை சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும், தலை நகர்ந்து போய் நிற்கும் நேரம் தனி. கூட்டிப் பார்த்தால் விநாடிக்கு நூறு சின்னக் கோப்பு படிப்பதே பெரிய விஷயம். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கில் கேட்கிறது, அதுதான் உங்கள் ஐந்து நிமிடம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே (ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே கேபிளில் மாட்டுவது) இதைப் பல்லாயிரக்கணக்கில் செய்யும். அடுத்த மாதம் இன்னொரு 4 ஜிபி ரேம் செகண்ட் ஹேண்டில் போட்டுக்கொள்ளுங்கள், 8க்குக் கீழே இருந்தால் பிரவுசரே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போர்டில் அதற்கான எம்.2 ஸ்லாட் இருந்தால் வாங்கலாம், ஆனால் எல்லா எம்.2 ஸ்லாட்டும் என்விஎம்இ இல்லை, சாட்டா மட்டும் ஏற்பவையும் உண்டு. மேனுவலைப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். அன்றாட வேலையில் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியாது, ஹார்டு டிஸ்கில் இருந்து இரண்டில் எதற்கு வந்தாலும் தெரியும்.

கேள்வி: சார், எக்ஸ்99 போர்டு, ஜியான் இ5-2680 வி4, ரேம் எல்லாம் சேர்ந்த கிட் ரொம்ப மலிவாக இணையத்தில் வருகிறது. 14 கோர்! விடலாமா?

பதில்: விடலாம், போகட்டும். அது 2016இன் சர்வர் பிராசஸர், 120 வாட், ஒரு கோரின் வேகம் இன்றைய கணக்கில் மெதுவானது, கேமும் பிரவுசரும் ஒரு கோரின் வேகத்தைத்தான் அதிகம் கேட்கின்றன. உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு தனியாக வாங்க வேண்டும். விண்டோஸ் 11 பட்டியலிலும் அது இல்லை. போர்டோ பெயர் தெரியாத கம்பெனி, பழுதானால் அங்கேயே கதை முடிந்தது. வீட்டில் இரவு முழுக்க ரெண்டரிங்கோ (3டி காட்சி, வீடியோ உருவாக்குவது), ஏழெட்டு விர்ச்சுவல் மெஷினோ (கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்) ஓட்டுபவர் என்றால் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதிதாகத்தான் அசெம்பிள் செய்யப் போகிறேன், கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது காசு இல்லை. ரைசன் 5 5600ஜி எடுக்கவா, ஐ3-12100ஆ?

பதில்: லேசான கேம் ஆடுவீர்கள் என்றால் 5600ஜி. ஆறு கோர், உள்ளே இருக்கும் வேகா கிராபிக்ஸ் 12100இன் யுஎச்டி 730ஐவிட நன்றாகவே முந்தும். கேம் வேண்டாம், வீடியோ வெட்டி ஒட்டுவேன் என்றால் 12100, அதன் குவிக் சிங்க் (வீடியோவுக்கென்றே உள்ளே இருக்கும் பகுதி) வீடியோ கோப்புகளைக் கையாள்வதில் கெட்டி.

எழுத்துகளில் கவனம். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் வந்தால் (12100எஃப்) உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600, 5500 இரண்டிலும் இல்லை, ஜி இருந்தால் உண்டு. கொஞ்சம் மலிவாக இருக்கிறதே என்று எஃப் வாங்கிவிட்டு, திரையில் ஒன்றும் வரவில்லை என்று புலம்புபவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

இன்னொன்று, உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. அதனால் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். டூயல் சேனலில் (இரண்டு குச்சியும் இரண்டு வழியில் ஒன்றாக வேலை செய்யும்படி) போட்டால் மெமரியின் அகலம் இரட்டிப்பாகிறது, 5600ஜியில் கேம் ஓடும் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறும். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள், ஒட்டினாற்போல் பக்கத்து ஸ்லாட்டில் அல்ல.

கேள்வி: 5600ஜி உட்காரும் ஏஎம்4 செத்துப்போன சாக்கெட் என்கிறார்களே? அடுத்து வந்த ஏஎம்5க்குப் போனால் பின்னால் பிராசஸர் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் இல்லையா?

பதில்: மாற்றலாம், மாற்றுவீர்களா? காசு இறுக்கமாக இருப்பவர்கள் ஒரு பெட்டியை ஐந்தாறு வருடம் ஓட்டுவார்கள், அதற்குள் ரேமும் போர்டும் சேர்ந்தே பழையதாகிவிடும். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமை மட்டும்தான் ஏற்கும். ஏஐ சர்வர்களுக்கு மெமரி போய்விடுவதால் 2025இன் கடைசி மாதங்களில் இருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது, ஏஎம்4 ஏற்கும் முந்தைய வகையான டிடிஆர்4கூடப் புதிதாக வாங்கினால் தப்பவில்லை. ஆனால் டிடிஆர்4 செகண்ட் ஹேண்டில் ஏராளம், ரேம் சீக்கிரம் தேய்கிற பொருளும் இல்லை. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதிக்கும் மென்பொருளை ஒரு இரவு ஓட்டி ஒரு பிழைகூட வரவில்லை என்றால் கவலையில்லாமல் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியவர் யாராவது இதே பட்ஜெட்டோடு கேட்டால் இன்னமும் ஏஎம்4தான் சொல்வேன்.

கேள்வி: கேபினட்டோடு 500 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாக வருகிறது. அது போதாதா?

பதில்: அந்த 500 ஸ்டிக்கரில் இருப்பது. அதே ஸ்டிக்கரில் கீழே ஒரு கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லா மின்சாரத்தையும் 12 வோல்ட்டில் இருந்துதான் எடுக்கின்றன. 25 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 25, 300 வாட், அவ்வளவுதான் சரக்கு. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டிலேயே ஏறக்குறைய முழு அளவும் இருக்கும். அந்தக் கட்டமே இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. ஷார்ட் ஆனால் தன்னை அணைத்துக்கொள்ளுமா, மின்னழுத்தம் எகிறினால் போர்டைக் காப்பாற்றுமா என்பதெல்லாம் வேறு விஷயம், அதற்கு விமர்சனங்களைத்தான் தேட வேண்டும். மற்ற பாகம் செத்தால் அது மட்டும் சாகும், மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். கேபினட்டில், கலர் ஃபேனில், கீபோர்டில் எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். இதில் மட்டும் வேண்டாம்.

வாட் அதிகம் வேண்டும் என்றும் பயப்பட வேண்டாம். கார்டு இல்லாத 5600ஜி பெட்டி முழுசாக உழைத்தாலும் 150 வாட்டைத் தொடுவது அபூர்வம்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு, அதுவும் மைனிங்கில் ஓடியது. வாங்கலாமா, கூடவே கூடாதா?

பதில்: மைனிங் (கார்டை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) என்பதற்காக மட்டும் ஒதுக்க மாட்டேன். இதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியபோது மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தவை இவை. ஒரே சூட்டில் நிதானமாக ஓடிய சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தேய்ந்திருப்பது ஃபேனும் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும். அரை மணி நேரம் கேமோ ஸ்ட்ரெஸ் டெஸ்டோ ஓட்டி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் கரகரவென்கிறதா என்று பாருங்கள்.

மைனிங்கைவிட எனக்குப் பயம் போலிக் கார்டு. பழைய மட்டமான சிப்பின் பயாஸை மாற்றி எழுதி, விண்டோஸில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்ட வைப்பார்கள். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், பல போலிகளை அதுவே காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580இல் ‘2048எஸ்பி’ என்று ஒன்று உண்டு, அது உண்மையில் 570 ரகம், 580 விலை கொடுக்காதீர்கள். கொஞ்சம் சேர்த்துப் போட முடிந்தால் ஆர்எக்ஸ் 6600 செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், 8 ஜிபி, 132 வாட், சின்ன எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஓடும்.

கேள்வி: லிக்விட் கூலர் தேவையா?

பதில்: இல்லை. பிராசஸரோடு வருவதே போதும்.

கேள்வி: உள்ளங்கை அளவு என்100 மினி பிசி எப்படி?

பதில்: எழுத, படிக்க, வீடியோ பார்க்க அருமை, 6 வாட் பிராசஸர், சத்தமே இருக்காது. நான்கு சின்னக் கோர், ரேம் ஒற்றைச் சேனல், பின்னால் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. இடம் இல்லாதவர்களுக்குச் சரி, கேம் ஆசை துளியாவது இருந்தால் வேண்டாம்.

கேள்வி: அக்கவுண்ட் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், பிரவுசர் போதும். விண்டோஸுக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

பதில்: லினக்ஸ் மின்ட் போடுங்கள், இலவசம், விண்டோஸ் பழகியவர்களுக்கு ஒரு நாளில் கைவந்துவிடும். பழைய அலுவலகப் பெட்டி வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது, விண்டோஸ் 8 காலத்தில் இருந்து கம்பெனிப் பெட்டிகளில் லைசன்ஸ் சாவி போர்டிலேயே பதிந்து வரும், அதே பதிப்பை நிறுவினால் தானாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அண்ணா, நானே அசெம்பிள் செய்தேன். ஃபேன் ஓடுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. கை நடுங்குகிறது. 5600ஜி, பி450 போர்டு, கார்டு இல்லை.

பதில்: நடுங்காதீர்கள், பாதிப் பேருக்கு முதல் தடவை இப்படித்தான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வரிசையாகப் பாருங்கள். போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று தனியாக எட்டுப் பின் இணைப்பு இருக்கும், அதை மறப்பவர்கள்தான் அதிகம். அப்புறம் ரேமை எடுத்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள், முதலில் ஒரு குச்சியோடு மட்டும் முயலுங்கள். கேபினட்டில் போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சின்ன உலோகக் கால்) ஏதாவது தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரி என்றால் சந்தேகம் பயாஸ் மேல். பி450 போர்டுகள் 5000 வரிசை ரைசனுக்கு முன்பே வந்தவை, பழைய பயாஸ் இருந்தால் இந்தப் பிராசஸரை அடையாளமே தெரியாது. பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் பென் டிரைவில் புதிய பயாஸ் போட்டுப் பிராசஸர் உதவி இல்லாமலே ஏற்றலாம். இல்லாவிட்டால் வாங்கிய கடையில் ஏற்றித் தரச் சொல்லுங்கள், விற்கும்போதே அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

கேள்வி: பயாஸ்தான் அண்ணா! கடையில் ஏற்றித் தந்தார்கள், படம் வந்துவிட்டது. ஆனால் 3200 ரேம் வாங்கினேன், 2133 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி (ரேமை அதன் மேல் எழுதிய வேகத்துக்கு ஓட்டும் அமைப்பு) என்று இருப்பதை ஆன் செய்து, சேவ் செய்து வெளியே வாருங்கள், 3200 வந்துவிடும்.