தேயிலைத் தோட்டத்தில் இருந்து கோடிங் படிக்கிற எனக்கு ஓப்பன் சோர்ஸ் மென்டரிங் திட்டங்களில் இடம் கிடைக்குமா?

கிடைக்கும். கோடை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்தான் ஓப்பன் சோர்ஸ். அதில் புதியவர்களை ஒரு வழிகாட்டியோடு வேலை செய்ய வைப்பவைதான் இந்தத் திட்டங்கள். பொகவந்தலாவைப் பக்கம் வீடு, ஹட்டனில் ஐடி டிப்ளோமா, பைத்தான் ஓரளவு தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். "இதெல்லாம் மொறட்டுவை கம்பஸ் பிள்ளைகளுக்குத்தான்" என்று வகுப்பில் ஒரு சேர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது, தங்கச்சி.

மொறட்டுவைப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்தத் திட்டங்களில் ஒன்றான கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இல் தொடங்கியது. முதல் பத்து வருடத்தில் உலகத்திலேயே அதிக மாணவர்கள் தெரிவானது அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான். ஒரு பேட்ச் உள்ளே போனால் அடுத்த பேட்சுக்கு வழி சொல்ல ஆள் இருக்கும். நம்மிடம் இல்லாதது அப்படி வழி சொல்கிற அண்ணன், அக்காதான். திறமை இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. அதோடு 2022இல் இருந்து அந்தத் திட்டத்தில் மாணவராகத்தான் இருக்கவேண்டும் என்ற விதியும் இல்லை. 18 வயது நிரம்பி, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவராக இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

நான் போன வழி அவுட்ரீச்சி என்ற இன்னொரு திட்டம். மூன்று மாதம் வீட்டில் இருந்தே வேலை, 7,000 டொலர் உதவித்தொகை, கூடவே ஒரு வழிகாட்டி. வருடத்தில் இரண்டு சுற்று: மே, ஜூன் வாக்கில் தொடங்குவது ஒன்று, டிசம்பரில் தொடங்குவது ஒன்று. முதல் விண்ணப்பத்தில் ஒரு கட்டுரைக் கேள்வி வரும். உங்கள் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் உங்களைப் போன்றவர்கள் ஏன் குறைவு, நீங்கள் என்ன பாகுபாட்டைச் சந்தித்தீர்கள் என்று கேட்பார்கள். நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். தலவாக்கலைப் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தேன், அம்மா கொழுந்து பறிக்கிறார். இதே மண்ணில் பிறந்த என் அப்பாயிக்கு, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவே இல்லை.

இதை வாசித்துவிட்டு, "கஷ்டத்தைச் சொல்லி இடம் வாங்கிவிட்டாய்" என்று எழுதப்போகிறவர்கள் இருப்பார்கள். என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் கட்டுரை வாசலைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருகிற பங்களிப்புக் காலத்தில் விருப்பமான ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டத்தில் உண்மையான வேலை செய்து காட்டவேண்டும். வழிகாட்டிகள் அதைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். என்னோடு போட்டி போட்டவர்கள் பல நாடுகளில் இருந்து வந்தவர்கள். அங்கே யாரும் எனக்கு மதிப்பெண் சும்மா போடவில்லை.

என் வேலை எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். நான் எடுத்த மென்பொருள் திட்டத்தின் நிரலை, கோட் பகிரப் பயன்படும் கிட் என்ற கருவி வழியாக இறக்கவே முடியவில்லை. எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அப்படி இறக்குவதைக் கிட் குளோன் என்பார்கள், அது பாதியில் அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடராது, முதலில் இருந்துதான் வரும். இரவு நேர டேட்டாவில் விழித்திருந்து பார்த்தும் சரிவரவில்லை. திட்டத்தின் பொது அரட்டையில் நிலைமையை எழுதிக் கேட்டேன். டெப்த் 1 என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பழைய வரலாறு எதுவும் வராது, கடைசி நிலை மட்டும் வரும் என்று ஒருவர் சொன்னார். வந்துவிட்டது. நிறுவும் வழிமுறைப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நானே எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். என் முதல் பங்களிப்பு அதுதான். மெதுவான இணைப்பில் இருப்பவர்களுக்கு அது இன்றைக்கும் உதவுகிறது என்பதில் எனக்குப் பெருமை.

அடுத்தது கோட். பயனர் படம் போடாவிட்டால் பெயரின் முதல் எழுத்து ஒரு வட்டத்தில் தெரியும் அல்லவா? நான் மீனா என்று போட்டுப் பார்த்தேன், வட்டத்தில் 'ம' என்று வந்தது. யூனிகோடில் 'மீ' என்பது 'ம'வும் ஈகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். நிரல் முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுத்தது. ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது, அது நம் கண் பார்க்கிறபடி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். அதைப் போட்டுச் சரி செய்தேன். சிங்களத்துக்கும் இந்திக்கும் அதே பிழை இருந்தது, சேர்த்தே தீர்ந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்கள் கண்ணில் இது படவே படாது. இந்த மாதிரிப் பிழைகள் நிறைய இருக்கின்றன, தேடுங்கள்.

இப்போது நானே புதியவர்களுக்கு வழிகாட்டுகிறேன். ஆகவே தெரிந்தே சொல்கிறேன்: விண்ணப்பம் திறக்கும்வரை காத்திருக்கவேண்டாம். சம்மர் ஆஃப் கோட்டில் பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பெரும்பாலும் பெப்ரவரியில் வரும். போன வருடங்களின் பட்டியல் இப்போதே இணையத்தில் இருக்கிறது, திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளை அதில் பார்க்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். புதியவர்களுக்கு ஏற்ற சின்ன வேலை என்பதற்கு 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறித்தவற்றைப் பாருங்கள். கேள்வியைத் தனிச் செய்தியில் அனுப்பாமல் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே கேளுங்கள். என்ன செய்து பார்த்தீர்கள், என்ன பிழைச் செய்தி வந்தது என்று எழுதினால் பதில் வரும். "சேர், வழிகாட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. ஏஐ எழுதிக் கொடுத்த நீளமான விண்ணப்பங்கள் எனக்கு வருகின்றன. ஒரு சின்னத் திருத்தம் செய்தவரின் நான்கு வரிக்கு முன்னால் அவை நிற்காது. ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு வழிகாட்டியவருக்கும் அது தாய்மொழி இல்லை.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று, முகவரி. தெரிவான பிறகு வெளிநாட்டுப் பணம் வாங்க வங்கி முகவரிச் சான்று கேட்டது. எங்கள் லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது, தோட்டத்தின் பெயர்தான். கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே யாருக்காவது மனம் வரும்போது வீட்டுக்கு வரும். என் தம்பிக்கு வந்த நேர்முகக் கடிதம் நாள் கடந்த பிறகுதான் கையில் கிடைத்தது. ஒரு வேலையே போனது. இருநூறு வருடமாக இந்த மலையில் உழைக்கிற சனத்துக்கு ஒரு கதவிலக்கம் கொடுக்க முடியவில்லையா? இதைப் பற்றி எழுதினால் எனக்கு நிறுத்தவே வராது. நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றும் தெரியும். ஆனாலும் முதலிலேயே கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, வங்கிக் கணக்கில் அதே முகவரியைப் பதியுங்கள். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் உங்கள் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று நிறையப் பேருக்கு இருக்கிறது. அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும், இந்த வாரமே தொடங்குங்கள்.