சம்பளக்காரர் எய்ட் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். பப்ளிக் ஸ்கூலில் பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள், பதினொன்றாம் வகுப்பில் ஒரு செமஸ்டர் மட்டும் வெளி மாநிலத்தில் ஒரு போர்டிங் பள்ளியில் தங்கிப் படிக்க ஆசைப்படுகிறாள். பண்ணை வேலை, மலையேற்றம், சின்ன வகுப்பு என்று நல்ல பள்ளிதான். கட்டணத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். ஆனால் வீட்டுக் கடன், கோவையில் கட்டிய வீட்டின் கடன், மாமனார் மாமியாருக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் எல்லாம் போனால் மிச்சம் அதிகமில்லை. "ரெண்டு பேரும் சம்பாதிச்சுக்கிட்டு பள்ளிகிட்ட கட்டண உதவி, அதான் எய்ட், கேட்டா அசிங்கம். ஓய்வுக்காலத்துக்குச் சேக்குற 401கே-யில லோன் எடுத்துக்கலாம்" என்கிறார் கணவர். எட்டாம் வகுப்பில் ஒரு மகனும் இருக்கிறான். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: எய்ட் கேட்பதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. அந்த 401கே யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த செமஸ்டர் பள்ளிகள் இன்று நேற்று வந்தவை அல்ல. வெர்மான்ட்டில் மவுண்டன் ஸ்கூல் 1984-லிருந்து நடக்கிறது. மெய்ன் மாநிலத்தில் செவாங்கி, கொலராடோ மலைமேல் லெட்வில்லில் ஹை மவுண்டன் இன்ஸ்டிடியூட் என்று இன்னும் சில உண்டு. நாலு மாதத்துக்குப் பல இடங்களில் 30,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அது முழுக் கட்டணம். எல்லாக் குடும்பமும் அதைக் கட்டுவதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வந்தால் நாற்பது பேர் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் பள்ளியின் நோக்கமே கெட்டுவிடும் என்று தெரிந்துதான், நன்கொடையாளர் பணத்திலிருந்தும் பள்ளியின் பட்ஜெட்டிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குகிறார்கள். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது மற்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. உங்கள் வீட்டு நிலவரத்தை அவர்கள் முன் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். முழுக் கட்டணமும் உங்களால் கட்ட முடியும் என்று கணக்கில் வந்தால் "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அதில் என்ன மானம் போய்விடும்?

கல்லூரிக்கு நிரப்பும் ஃபாஃப்சா படிவத்துக்கு இங்கே வேலை இல்லை. அது மத்திய அரசின் பணத்துக்கு, அதுவும் கல்லூரிக்கு மட்டும். தனியார் பள்ளிகள் பல, பெற்றோர் நிதி அறிக்கை என்ற படிவத்தை எஸ்.எஸ்.எஸ். போன்ற ஒரு சேவை வழியாக நிரப்பச் சொல்லும். எந்தப் படிவம் என்பதை மட்டும் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவில் இருப்பவர்கள், தங்களுக்கும் எய்ட் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. பணம் அரசுடையது அல்ல என்பதால், யாருக்குக் கொடுப்பது என்று பள்ளியே முடிவு செய்யும்.

நம் ஆட்கள் தடுமாறுவது அந்தப் படிவத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபாஃப்சா நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கண்டுகொள்ளாது. இந்தப் படிவம் அதன் மதிப்பையும் மீதிக் கடனையும் கேட்கும். வேறு சொத்து இருக்கிறதா என்றும் கேட்கும். கோவை வீட்டை எழுதுங்கள். "இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று பக்கத்து வீட்டு அண்ணா சொல்வார், கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அறிக்கை அது. மறைத்தால் தப்பு என்பது ஒரு பக்கம். அந்த வீட்டைச் சொல்லாமல் அதன் கடனை எப்படிச் சொல்வீர்கள்? மாதத் தவணை எத்தனை ரூபாய், டாலரில் எவ்வளவு, இன்னும் எத்தனை வருடம், வாடகை வருகிறதா, அல்லது பெரியவர்கள்தான் அதில் குடியிருக்கிறார்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மாமனார் மாமியாருக்கு அனுப்பும் பணமும் அப்படித்தான். அமெரிக்க வரிக் கணக்கில் அது எங்கும் தெரியாது. படிவத்தைப் படிப்பவருக்கு உங்கள் சம்பளம் தெரியும், ஊருக்குப் போகும் பணம் தெரியாது. விளக்கம் எழுத இடம் விட்டிருப்பார்கள். "கணவரின் பெற்றோருக்கு ஓய்வூதியம் இல்லை, மருத்துவச் செலவு உட்பட மாதம் இவ்வளவு அனுப்புகிறோம்" என்று நாலு வரி எழுதி, ஒரு வருடத்து வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் எடுத்து வையுங்கள். முழுவதையும் ஏற்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் சொல்லாததைக் கணக்கில் எடுக்கவே முடியாதே. புலம்ப வேண்டாம். தொகை, தேதி, காரணம் போதும். ஆங்கிலத்தில் அழகாக எழுத வேண்டும் என்று பயந்து பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அழகை யாரும் பார்ப்பதில்லை.

இப்போது 401கே. வேலையில் இருக்கும்வரை அந்தக் கடன் சுலபமாகத் தெரியும். வேலை போனாலோ மாறினாலோ, பல நிறுவனங்களில் மீதியை விரைவில் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அது பணம் எடுத்ததாகக் கணக்காகி வருமான வரி வரும், ஐம்பத்தொன்பதரை வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் சேரும். வேலை போகும் மாதத்தில்தான் அந்தப் பணம் இருக்காது. ஒரு செமஸ்டருக்காக இந்தக் கத்தியைத் தலைக்கு மேல் தொங்கவிட வேண்டுமா?

"சரி, கொஞ்சம் ஷேரை விற்றுக் கட்டிவிடலாம்" என்று அடுத்து தோன்றும். இதில் ஒரு பொறி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கல்லூரி முதலாண்டுக்கான ஃபாஃப்சா, பத்தாம் வகுப்பின் ஜனவரியில் தொடங்கிப் பதினொன்றாம் வகுப்பின் டிசம்பரில் முடியும் ஆண்டின் வரிக் கணக்கைப் பார்க்கும். இந்தப் பள்ளிக்குப் பணம் கட்டப்போவதும் ஏறக்குறைய அதே ஆண்டில்தான். ஷேர் விற்ற லாபம் அந்த ஆண்டு வருமானத்தில் ஏறி, கல்லூரி உதவியை அங்கே குறைக்கக்கூடும். விற்பதற்கு முன் உங்கள் வரிக் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மகள் பெயரில் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு இருந்தால், 2018 முதல் பள்ளிப் படிப்புக்கும் அதிலிருந்து மத்திய வரி இல்லாமல் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை எடுக்கலாம்; 2025-இல் வந்த சட்டம் 2026 முதல் அதை 20,000 ஆக்கியிருக்கிறது. தங்குமிடமும் சாப்பாடும் இதில் சேராது. செமஸ்டர் பள்ளிகள் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் என்பதால், படிப்புக்கு எவ்வளவு என்று பிரித்து ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் இந்தச் சலுகையை மாநில வரியில் ஏற்பதில்லை, உங்கள் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடுப்பது கல்லூரிக்கு வைத்த பணம் என்பதையும் மறக்க வேண்டாம். நானாக இருந்தால் கொஞ்சமாகத் தொடுவேன், அல்லது தொடவே மாட்டேன்.

பப்ளிக் ஸ்கூல் பிள்ளை என்பதால் உங்கள் பள்ளி மாவட்டம் இதற்குப் பணம் தருவது அரிது. ஆனால் அங்கே படிக்கும் பாடங்களை இங்கே ஏற்பார்களா என்று கவுன்சலரிடம் எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வந்து கோடையில் ஒரு பாடத்தைக் காசு கொடுத்துப் படிக்க நேர்ந்தால் அதுவும் இந்தச் செலவில்தான் சேரும்.

கட்டணத்துக்கு வெளியே இருப்பவை வேறு: விமானம், நடுவில் வரும் விடுமுறைக்கு வந்து போகும் செலவு, பனிக்கேற்ற பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக். உங்கள் மருத்துவக் காப்பீடு எச்.எம்.ஓ. வகை (குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டும் போகக்கூடியது) என்றால் வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சை தவிர மற்றதற்குப் பெரும்பாலும் கை விரித்துவிடும். பயணத்துக்கும் சாமான்களுக்கும் எய்ட் உண்டா, இரவல் தருவார்களா என்று கேளுங்கள். சில பள்ளிகளில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். மறுபக்கம், அந்த நாலு மாதம் வீட்டில் அவளுக்கு ஆகும் சாப்பாடு, பாட்டு வகுப்பு, டியூஷன், கார் காப்பீடு ஆகியவை மிச்சம். நீங்கள் எவ்வளவு தர முடியும் என்பதற்கு முதல் எண் இதிலிருந்துதான் வரவேண்டும்.

அந்த எண்ணைக் கணவரும் நீங்களும் இப்போதே முடிவு செய்யுங்கள், பள்ளியின் பதில் வருவதற்கு முன்பே. சேமிப்பைக் கரைக்காமல், கடன் இல்லாமல், மாதத் தவணையாகக் கட்டக்கூடிய தொகை எதுவோ அது. இரண்டு வருடம் கழித்துத் தம்பியும் வந்து "எனக்கு?" என்று நிற்பான், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மகளை உட்காரவைத்து அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணுக்குக் குடும்பக் கணக்கு புரியும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்துவிட்டு ஏப்ரலில் இல்லை என்பதுதான் அவளை நோகடிக்கும்.

விண்ணப்பத் தேதி பல பள்ளிகளில் பிப்ரவரியை ஒட்டி வரும். எய்ட் படிவத்தையும் அதே நேரத்தில் அனுப்புங்கள். ஒதுக்கிய தொகை தீர்ந்த பிறகு போனால் நியாயமான காரணமும் எடுபடாது. சில பள்ளிகளில் எய்ட் கேட்டிருப்பதையும் சேர்த்துத்தான் சேர்க்கையை முடிவு செய்வார்கள். உங்கள் பள்ளி எப்படி என்று நேராகக் கேட்கலாம், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இலையுதிர், வசந்தம் இரண்டில் எதற்கும் தயார் என்றால் அதையும் சொல்லிவையுங்கள்.

தொகை குறைவாக வந்தால் ஒரு தடவை மறுபரிசீலனை கேட்கலாம். படிவம் அனுப்பிய பிறகு வேலை போனது, மருத்துவச் செலவு வந்தது போன்ற புதிய விஷயம் இருந்தால் அதற்குப் பலன் இருக்கும். அதற்குப் பிறகும் நீங்கள் முடிவு செய்த எண்ணுக்கு மேல் நின்றால், நன்றி சொல்லி விலகிவிடுங்கள். எய்ட் எவ்வளவு என்ற கடிதம் கையில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். பல பள்ளிகள் அதைத் திருப்பித் தருவதில்லை. கடைசித் தேதி முந்திக்கொண்டால், கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று மின்னஞ்சலில் எழுதி அவகாசம் கேளுங்கள்.