'நானுக்கு மிலோ வேணும்' என்கிறான் மகன்: திருத்தலாமா?

கேள்வி: பினாங்கு, பிறையில் வசிக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. இரண்டு வயதில் 'எனக்கு' என்று சரியாகச் சொன்னவன், இப்போது 'நானுக்கு மிலோ வேணும்', 'குரங்கு மரம்ல இருக்கு' என்கிறான். தாத்தா ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்துகிறார். தாடிக்காவில் (மழலையர் பள்ளியில்) ஆங்கிலமும் மலாயும் கேட்டுக் குழம்பிவிட்டான், வீட்டில் கொஞ்ச நாள் தமிழை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?

பதில்: தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் மகன் பின்னால் போகவில்லை, ஒரு படி ஏறியிருக்கிறான்.

இரண்டு வயதில் அவன் சொன்ன 'எனக்கு' கேட்டதை அப்படியே சொன்ன ஒரு முழுச்சொல். அதற்குள் 'க்கு' தனியாக இருப்பது அவனுக்கு அப்போது தெரியாது. அப்புறம் அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, பூனைக்கு என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததை 'நான்' மேலேயும் ஒட்டிப் பார்க்கிறான். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் 'வென்ட்' (went) என்று சரியாகச் சொல்லிவிட்டு, சில மாதம் கழித்து 'கோட்' (goed) என்பார்கள். பிறகு தானாகவே 'வென்ட்'டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

'மரம்ல' கதையும் இதேதான். 'ம்' என்று முடியும் சொல், உருபு சேரும்போது 'மரத்துல', 'படத்துல' என்று மாறும். சொல்லுக்கும் உருபுக்கும் நடுவில் வரும் இதைத்தான் தொல்காப்பியம் 'அத்து'ச் சாரியை என்கிறது. பெரியவர்களில் பலருக்கும் அதன் பெயர் தெரியாது, ஆனால் யாரும் தவறவிடுவதில்லை. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத ஒரு பிராணியை வரைந்து 'வக்' என்று பெயர் வைத்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று சிறுபிள்ளைகளைக் கேட்டார். கேட்டே இராத சொல்லுக்கும் பெரும்பாலான பிள்ளைகள் சரியான பன்மை விகுதியைச் சேர்த்தார்கள். நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பெட்டி மாதிரி வரைந்து, 'இதுக்குப் பேரு டிப்பம். பூனை எங்க உட்கார்ந்திருக்கு?' என்று கேளுங்கள். இன்று 'டிப்பம்ல' என்பான். என்றைக்காவது ஒரு நாள் 'டிப்பத்துல' என்பான். அந்தச் சொல்லை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, விதியை அவனே எடுத்திருக்கிறான். எத்தனை பிள்ளைகளிடம் கேட்டாலும் எனக்கு அலுக்காத தருணம் அது.

தாடிக்கா மேல் பழி போட வேண்டாம். 'நானுக்கு' என்பதில் ஒட்டியிருக்கும் 'க்கு' மலாயிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. 'தாத்தா நாசி தாப்பாவ் பண்ணிட்டு வந்தாங்க' என்று அவன் சொன்னாலும் பயப்படாதீர்கள். நாசியும் (சோறு) தாப்பாவும் (பொட்டலம் கட்டி வாங்குவது) வெளிச்சொற்கள்தான், ஆனால் 'பண்ணிட்டு வந்தாங்க' என்ற வாக்கியக்கட்டும், தாத்தாவுக்குக் கொடுத்த மரியாதையும் முழுக்கத் தமிழ். நாம் பெரியவர்களும் அப்படித்தானே பேசுகிறோம்!

இனி திருத்துவது. நிறுத்தித் திருத்தினால் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்:

'எனக்குன்னு சொல்லு.'
'எனக்கு.'
'இப்ப முழுசா சொல்லு.'
'நானுக்கு மிலோ!'

பிள்ளையின் கவனம் மிலோவில் இருக்கிறது. அவன் சொல்ல வந்ததற்குப் பதில் சொல்லுங்கள், சரியான வடிவம் அந்தப் பதிலுக்குள் இருக்கட்டும். 'ஆமா, மரத்துல எத்தனை குரங்கு!' போதும். 'எனக்கு'வில் மட்டும் ஒரு சிக்கல்: 'உனக்கு மிலோ வேணுமா?' என்று திருப்பிக் கேட்டால் அவன் காதில் விழுவது 'உனக்கு'. அதனால் நீங்களும் ஒரு கோப்பையை நீட்டி, 'எனக்கும் கொஞ்சம் ஊத்து' என்று கேளுங்கள். தாத்தா தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது தன் சின்ன வயதுக் கதையைச் சொல்லட்டும். அதில் 'எனக்கு' தாராளமாக வரும்.

இந்த வகைப் பிழை சில சொற்களில் ஐந்து, ஆறு வயது வரைகூட நீடிக்கலாம். ஆனால் எந்த மொழியிலும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாவிட்டாலும், பேசிக்கொண்டிருந்த சொற்கள் குறைந்தாலும், கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருந்தகத்துக்கு) போய் முதலில் காது பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள். 'ரெண்டு மொழி பேசற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்' என்று யார் சொன்னாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.