பதின்பருவ வாசகர்களும் இளையோர் புனைவும்: கேள்வி பதில்

நூலகத்தில் பதின்பருவ வாசகர்களோடு பல ஆண்டுகள் பழகிய அனுபவத்தைக் கொண்டு, இங்கே வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் 14 வயது மகள் ஒரே மாயாஜாலத் தொடரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். புதிய நூல் எதையும் தொட மறுக்கிறாள். தடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதல் வாசிப்பில் அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலே பக்கங்களைப் புரட்ட வைக்கிறது. முடிவு தெரிந்த பிறகு படிக்கும்போதுதான், துரோகம் செய்யப்போகும் நண்பன் மூன்றாம் அத்தியாயத்திலேயே எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினான் என்பது கண்ணில் படுகிறது. கதை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே உங்கள் மகள் கற்றுக்கொண்டிருக்கிறாள். உடலும் நட்புகளும் மாறிக்கொண்டிருக்கும் வயதில், எப்படி முடியும் என்று தெரிந்த ஒரு கதை தரும் நிம்மதியும் சிறியதன்று. பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான தானியேல் பென்னாக் 1992-இல் வாசகரின் உரிமைகள் என 10 உரிமைகளை வரிசைப்படுத்தினார். மீண்டும் படிக்கும் உரிமையும் பாதியில் நிறுத்தும் உரிமையும் அவற்றில் உண்டு. ஒன்றை மட்டும் எச்சரித்துச் சொல்கிறேன்: வேறு ஏதோ தவறுக்குத் தண்டனையாகப் புத்தகத்தைப் பறிக்காதீர்கள்.

கேள்வி: இளையோர் புனைவு என்பது எந்த வயதினருக்கு? சிறார் இலக்கியத்திலிருந்து அது எங்கே பிரிகிறது?

பதில்: பொதுவாக 12 முதல் 18 வயது வரை என்று கொள்கிறார்கள். ஆனால் வயதைவிடக் கதை சொல்லும் இடமே முக்கியம் என்பது என் கருத்து. நாயகி 16 வயதினள் என்பதாலேயே ஒரு நாவல் இந்த வகையில் சேர்ந்துவிடாது. வளர்ந்துவிட்ட ஒருவர் தம் இளமையைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை பெரியவர்களுக்கான நாவலாகவே பெரும்பாலும் அமையும். இளையோர் புனைவு அந்த வயதுக்குள்ளேயே நின்று, நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலையிலேயே பேசும். தன்மை இடத்திலும் நிகழ்காலத்திலும் எழுதப்பட்ட நாவல்கள் இங்கே மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாசகர்கள் தம்மைவிட ஓரிரு வயது மூத்த பாத்திரங்களை விரும்புவதால், 13 வயதுப் பிள்ளையின் கையில் 16 வயது நாயகனின் கதை இருப்பது இயல்பு.

கேள்வி: என் 15 வயது மகனுக்குப் பத்து நூல்களின் பட்டியல் தர முடியுமா?

பதில்: அவன் கடைசியாக விரும்பி முடித்த மூன்று நூல்களையும், பாதியில் விட்ட ஒரு நூலையும் எழுதுங்கள். அவை தெரியாமல் பட்டியல் தருவதால் பயனில்லை.

கேள்வி: எனக்கு 16 வயது. நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இந்த வயதில் எழுதினால் யாராவது மதிப்பார்களா?

பதில்: இந்த வகையின் வரலாற்றிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹின்டன் தம் முதல் நாவலை 15 வயதில் எழுதத் தொடங்கினார். 1967-இல் அது வெளியானபோது அவருக்கு வயது 18. பெரியவர்கள் எழுதிய பதின்பருவக் கதைகளில் தாம் கண்ட வாழ்க்கை இல்லையே என்ற குறைதான் அவரை எழுத வைத்தது. இளையோருக்கான எழுத்தைப் போற்றும் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது 1988-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே.

நாவல் நீண்டு கைவிட்டுப் போனால், அதிலிருந்து ஒரே ஒரு நாளைச் சிறுகதையாக எழுதி முடியுங்கள். முடித்துப் பழகுவது தனிப் பயிற்சி. பிடித்த பாத்திரங்களை வைத்து ரசிகர் புனைவு எழுதுவதும் நல்ல பயிற்சிதான். பாத்திரங்கள் ஏற்கெனவே உருவாகியிருப்பதால் உங்கள் கவனம் முழுவதும் உரையாடலிலும் காட்சியிலும் செல்லும். இணையத்தில் வெளியிட்டால் புனைபெயரில் வெளியிடுங்கள். பள்ளியின் பெயரையும் புகைப்படத்தையும் தராதீர்கள்.

கேள்வி: இவையெல்லாம் எளிய நடையில் எழுதப்பட்ட பொழுதுபோக்கு நூல்கள். நல்ல மூளைகளை இவற்றில் வீணாக்காமல், செவ்வியல் நூல்களைப் படிக்கச் செய்வதுதானே முறை?

பதில்: இதை நான் முழுமையாக மறுக்கிறேன். எளிய வாக்கியம் எளிய சிந்தனைக்கு அடையாளமன்று. இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதை 2000-இல் முதன்முதலாகப் பெற்றது வால்டர் டீன் மையர்ஸின் நாவல். கொலை வழக்கில் சிக்கிச் சிறையிலிருக்கும் 16 வயதுச் சிறுவன், தன் விசாரணையைத் திரைக்கதையாகவும் தன் அச்சங்களை நாட்குறிப்பாகவும் மாறி மாறி எழுதுகிறான். அவன் சொல்வதில் எதை நம்புவது என்ற பொறுப்பு வாசகரிடமே விடப்படுகிறது. இதைப் படிக்கும் 15 வயதுப் பிள்ளையின் மூளை எந்த விதத்தில் வீணாகிறது?

அதே வாசகர் மீண்டும்: விதிவிலக்கைக் காட்டுகிறீர்கள். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்த முத்தொகுதிகள். சொல்வளமும் வளர்வதில்லை.

பதில்: ஒரு நூல் பெருவெற்றி பெற்றதும் அதைப் போலவே பல நூல்கள் வருவது உண்மை. ஆனால் எல்லா வகைப் புனைவிலும் அப்படித்தான் நடக்கிறது. சொல்வளம் பற்றி நீங்கள் கூறுவதில் நியாயம் இருக்கிறது. ஒரே வகையை மட்டும் படிப்பவருக்கு வேறு நடைகளும் வேண்டும். தடை விதித்து அங்கே கொண்டுசெல்ல முடியாது என்பதே என் வாதம். கொடுங்கோல் அரசை எதிர்க்கும் சிறுமியின் கதையில் மூழ்கிய பிள்ளையிடம், அரசு மக்களை எப்படிக் கண்காணிக்கிறது என்பதைப் பேசும் பழைய நாவலொன்றைக் கொடுத்துப் பாருங்கள். கடினமான நடையையும் அந்தப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், ஏனெனில் கேள்வி ஏற்கெனவே உள்ளே எழுந்துவிட்டது. பரிந்துரைத்துவிட்டு விலகி நில்லுங்கள். முதலில் இதை முடி, பிறகு அதைத் தருகிறேன் என்று பேரம் பேசினால் இரண்டு நூல்களையும் இழப்பீர்கள்.

மற்றொரு வாசகர்: எனக்கு 40 வயது. நானும் இவற்றைத்தான் படிக்கிறேன். வெட்கப்பட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 12 முதல் 17 வயதினருக்கென வெளியிடப்படும் நூல்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் 18 வயதைக் கடந்தவர்கள் என்று நூல் விற்பனையை ஆராயும் பௌக்கர் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

கேள்வி: 13 வயதுப் பெண்ணுக்குப் படிக்க நூல்கள் சொல்லுங்கள்.

பதில்: மேலே பதில் இருக்கிறது. எந்த நூல்களைப் படித்திருக்கிறாள் என்று எழுதாமல் வரும் பட்டியல் கேள்விகளுக்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: ஒலிநூல் கேட்பது வாசிப்பாகுமா?

பதில்: ஆகும்.

கேள்வி: மரணம், வன்முறை, மனச்சோர்வு ஆகியவை வரும் நாவல்களை என் மகன் தேடிப் படிக்கிறான். பறித்துவிடலாமா?

பதில்: பறிக்காதீர்கள் என்று முன்பே எழுதினேன், மீண்டும் எழுதுகிறேன். நீங்களும் அதே நூலைப் படியுங்கள். வன்முறையைக் காட்டுவதும் அதைக் கொண்டாடுவதும் வெவ்வேறு என்பதை, பாத்திரத்தின் முடிவைப் பற்றிப் பேசும்போது அவனே கண்டுகொள்வான். நீயும் இப்படி உணர்கிறாயா என்று எடுத்த எடுப்பில் குறுக்கு விசாரணை செய்யாமல், அந்தப் பாத்திரம் ஏன் யாரிடமும் உதவி கேட்கவில்லை என்று கேளுங்கள். உறக்கம், உணவு, நட்பு ஆகியவற்றிலிருந்து அவன் விலகிச் செல்வதைக் கண்டால், நேரடியாகவே அவனிடம் கேட்டு, தாமதிக்காமல் மனநல மருத்துவரை அணுகுங்கள். அது நூலைப் பற்றிய பிரச்சினையன்று.

கேள்வி: எனக்கு 15 வயது. படிக்கும் கதைகளின் பாத்திரங்களை வரைகிறேன். கற்பனை நாடுகளுக்கு வரைபடம் போடுகிறேன். வீட்டில் இது எதற்கு உதவும் என்று கேட்கிறார்கள்.

பதில்: ஒரு பாத்திரத்தை வரைய அதன் தழும்பும் உடையும் எந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டன என்று தேடிப் படிக்கிறீர்கள், வரைபடம் போட, இரண்டு நகரங்களுக்கு இடையே எத்தனை நாள் பயணம் என்று கணக்கிடுகிறீர்கள். இவ்வளவு நெருக்கமாகப் படிக்கும் வாசகர்கள் எந்த வயதிலும் குறைவு. ஓவியங்களில் தேதி எழுதி ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள், எந்த நூலின் எந்த அத்தியாயம் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். அடுத்த முறை வீட்டில் கேட்டால் அந்தக் கோப்பையே காட்டலாம்.