வாசகர் கேள்விகள்: ஆடிவிட்டு வந்த ஒரு வருடம்

ஸ்விங் நடனத்துக்காகவே சியோல், நியூயார்க், ஸ்வீடன் என்று ஒரு வருடம் போய் வந்ததைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

ஸ்விங் நடனம் என்பது பணக்காரர்கள் கிளப்பில் ஆடுவதுதானே? அதற்கு இத்தனை பெருமை எதற்கு?
*வாசகி, திண்டுக்கல்*

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பலர் மனதில் இதுதான் இருக்கிறது. ஆனால் உண்மை அப்படியே தலைகீழ்.

நான் ஆடுவது லிண்டி ஹாப், ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு ஆடும் ஜோடி நடனம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1920களின் கடைசியில் கறுப்பின மக்கள் உருவாக்கிய நடனம் அது. ஆடியவர்கள் வீட்டு வேலை செய்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், சமையல்காரர்கள். அவர்களுடைய கோயில் என்று சொல்லத் தக்க இடம் சவாய் பால்ரூம் என்ற நடனக் கூடம். 1926 மார்ச்சில் லெனாக்ஸ் அவென்யூவில் திறந்தது. 140ஆவது தெருவிலிருந்து 141ஆவது தெரு வரை ஒரே கட்டடம். உள்ளே இரண்டு மேடைகள். ஒரு இசைக்குழு நிறுத்தினால் அடுத்தது ஆரம்பிக்கும், இடைவெளியே கிடையாது. கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே தரையில் ஆட விடாத காலத்தில் சவாயின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. வியாழக்கிழமை இரவுகள் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கானவை. ஏனென்றால் அவர்களில் பலருக்கு அன்றுதான் விடுமுறை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தவர்கள் அன்றைக்கு மட்டும் தங்களுக்கென்று ஒரு தரையில் நின்றார்கள். ஒவ்வொரு முறை ஷூ மாட்டும்போதும் நான் நினைத்துக்கொள்வது அவர்களைத்தான்.

நீங்கள் சின்ன வயதில் பரதம் கற்றவர் என்று எழுதியிருந்தீர்கள். அது உதவியதா, இடைஞ்சலா?
*வாசகர், மயிலாடுதுறை*

இரண்டும். கும்பகோணத்தில் ஏழு வருடம் கற்றேன், அரங்கேற்றம் வரை போகவில்லை. ஆனாலும் தாளம் உடம்பில் ஊறிவிட்டது.

லிண்டி ஹாப்பின் அடிப்படை அடியான ஸ்விங் அவுட்டுக்கு எட்டு எண்ணிக்கை. ஆதி தாளத்துக்கும் எட்டு. அதனால் எண்ணுவது எனக்குப் பிரச்சினையே இல்லை. தொந்தரவு கையில்தான். ஆதி தாளத்தில் முதல் எண்ணிக்கையில் தட்டு விழும், அப்புறம் விரல். ஸ்விங் இசையில் கை தட்ட வேண்டியது இரண்டிலும் நாலிலும். பெங்களூரில் ஆரம்ப வகுப்புகளில் பாட்டுப் போட்டதும் என் கை முதல் எண்ணிக்கையில் போய் உட்கார்ந்துவிடும். அதை மாற்றவே ஆறு மாதம் ஆனது.

இன்னொன்று, அந்த இசையின் ஊஞ்சல் நடை. மேலைநாட்டு ஆசிரியர்கள் அதை விளக்கச் சிரமப்படுவார்கள். நமக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம், அது திஸ்ரம். ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து, 'தகிட'வில் 'தகி'யை ஒன்றாகச் சேர்த்து இழுத்து, 'ட'வைக் குட்டியாக வைத்தால் அதுதான் ஸ்விங். வேகம் கூடக் கூட அந்த நீட்டலும் குறுக்கலும் சமமாகிக்கொண்டே வரும். இதைப் புரிந்துகொண்ட அன்று மாலை என் கால் தானாகவே சரியாகிவிட்டது. எனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்த டீச்சரை அன்று நன்றியோடு நினைத்தேன்.

நிற்கும் விதம்தான் முழுக்க மாற்ற வேண்டியிருந்தது. அரைமண்டியில் முட்டி பக்கவாட்டில் விரியும், முதுகு நிமிர்ந்திருக்கும். இங்கே முட்டி முன்பக்கம் மடங்க வேண்டும், உடம்பு ஓடப்போகிறவரைப் போல முன்னால் சாய வேண்டும். ஜோடியோடு ஆடும்போது இருவரும் பின்னால் சாய்ந்து ஒருவர் கனத்தை ஒருவர் தாங்க வேண்டும். தட்டாமாலை சுற்றியிருக்கிறீர்களா? கையை விட்டால் இருவருமே விழுவோம் என்று தெரிந்துகொண்டே சுற்றுவோமே, அந்த இழுப்புதான்.

முன்பின் தெரியாத ஆண்களின் கையைப் பிடித்து ஆடுவதில் உங்களுக்குக் கூச்சமோ பயமோ இல்லையா? வீட்டில் என்ன சொன்னார்கள்?
*பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை*

கூச்சம் இருந்தது. முதல் மூன்று மாதம் எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டேதான் ஆடினேன்.

நடைமுறை எப்படி என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். வகுப்பில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். இரவு ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்கலாம், பெண் ஆணைக் கேட்கலாம், பெண் பெண்ணைக் கேட்கலாம். 'வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. ஒன்றிரண்டு பாட்டு ஆடி, நன்றி சொல்லிப் பிரிந்துவிடுவோம். வழிநடத்துபவர் ஆண்தான், பின்தொடர்பவர் பெண்தான் என்ற கட்டாயமும் கிடையாது. நான் இப்போது இரண்டையும் கற்கிறேன்.

எல்லாமே நல்லபடியாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு ஊரில் ஒருவர் கேட்காமலேயே என்னைத் தூக்கிச் சாய்த்தார். தோள்பட்டை பிசகிக்கொண்டது. தூக்கிப் போடும் ஆட்டமெல்லாம் மேடைக்கும் போட்டிக்கும் ஆனது. கூட்டம் ஆடும் தரையில், அதுவும் முதல் தடவை கைகோக்கும் ஒருவரிடம் அதைச் செய்யவே கூடாது. நான் பாதிப் பாட்டில் கையை விட்டுவிட்டு வெளியே வந்து, அங்கே புகார் கேட்பதற்கென்று இருந்த பெண்ணிடம் சொன்னேன். என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அவர் அடுத்த வேலையைப் பார்த்தார். இன்று பல நடன முகாம்களில் அப்படி ஒருவரை வைத்திருக்கிறார்கள். போனதும் அவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு ஆட வராது, இசை கேட்கப் பிடிக்கும். ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் செய்யும்போது அவர் முதலில் கேட்டது, "இன்னிக்கு யார் வாசிச்சாங்க?"

ஸ்வீடனில் ஏதோ ஒரு கிராமத்துக்குப் போனதாக ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அமெரிக்க நடனத்துக்கு ஸ்வீடனில் என்ன வேலை?
*வாசகர், கோயம்புத்தூர்*

அந்தக் கிராமத்தின் பெயர் ஹெரெங். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், பால்டிக் கடலோரம். ஒரு காலத்தில் இரும்புச் சுரங்கம் இருந்த ஊர். இன்று அங்கே குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். 1982இல் தொடங்கி, கோடைக் காலங்களில் அங்கே நடன முகாம் நடக்கிறது. ஜூலையில் உலகம் முழுவதிலிருந்தும் ஆடுபவர்கள் வந்து இறங்குவார்கள்.

காரணம் இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இசை மாறியது, பெரிய இசைக்குழுக்கள் கலைந்தன, 1958இல் சவாயை மூடினார்கள். லிண்டி ஹாப்பின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரான ஃபிராங்கி மானிங், 1950களின் நடுவில் தன் குழுவைக் கலைத்துவிட்டுத் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருடம் அங்கேயே இருந்தார். 1935இல் சவாயில் நடந்த போட்டியில் ஜோடியைத் தன் முதுகின் மேலாகப் புரட்டி இறக்கி, ஆகாய அடியை முதன்முதலில் ஆடிக் காட்டிய மனிதர்! 1980களில் பழைய படச்சுருள்களைப் பார்த்துப் பார்த்துக் கற்ற ஸ்வீடன் இளைஞர்கள் சிலர், இந்த ஆட்டக்காரர்களில் யாராவது உயிரோடிருக்கிறார்களா என்று தேடி நியூயார்க்குக்கே போனார்கள். 1984இல் சவாயின் இன்னொரு ஆட்டக்காரரான அல் மின்ஸைக் கண்டுபிடித்தார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து சிலர் மானிங்கைத் தேடி வந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய மானிங் மறுபடி ஷூவை மாட்டினார். 2009இல் தன் 94ஆவது வயதில் இறக்கும்வரை ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தார். ஹெரெங்குக்கும் வருடா வருடம் வந்தார். அந்த ஊருக்குப் போவது எனக்கு அதனால்தான் யாத்திரை.

பள்ளிக்கூட அறையில் இரண்டடுக்குக் கட்டில். கண்ணுக்குத் துணி கட்டினால்தான் தூக்கம், ஏனென்றால் ஜூலையில் இரவு சரியாக இருட்டுவதே இல்லை. கொசு நம் ஊரை நினைவுபடுத்தும். பகலில் வகுப்பு. மாலையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கூட்டம். அப்புறம் மக்கள் மன்றம் என்று பெயர் கொண்ட பழைய கூடத்தில் ஆட்டம் ஆரம்பித்தால் விடியும்வரை நிற்காது. இரவு பன்னிரண்டு மணிக்கு நெரிசல். மூன்று மணிக்கு மேல்தான் தரை கொஞ்சம் திறக்கும். சன்னல் வழியே வெளிச்சம் வரும். தூங்கப் போகாமல் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் இசைக்காகவே இருப்பவர்கள். நான் ஆறு நாள் இருந்ததில் நாலு நாள் அந்த மூன்று மணிக்காக மாலையில் தூங்கி எழுந்தேன். திரும்பப் போனாலும் அப்படித்தான் செய்வேன்.

மொத்தம் எவ்வளவு செலவு? லீவு எப்படிக் கிடைத்தது?
*வாசகர், சென்னை*

ஆறரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. ஐந்து வருடம் ஆர்.டி. போட்டுச் சேர்த்த பணம். பாதிக்கு மேல் விமான டிக்கெட்டுக்கே போனது. அலுவலகத்தில் சேர்ந்திருந்த லீவு, அதோடு இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு. ஒரேயடியாகச் சுற்றவில்லை, மூன்று பயணங்களாகப் பிரித்துக்கொண்டேன். விசாவுக்கு மட்டும் நிறையப் பொறுமை வேண்டும். அழைப்புக் கடிதம், தங்குமிடம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் முதலிலேயே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

47 வயதில் முட்டி தாங்குகிறதா?
*வாசகி, சேலம்*

தாங்குகிறது. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவில் ஆடாதீர்கள். அது தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும்போது முட்டி திருகிக்கொள்ளும். தோல் அடிப்பாகம் நல்லது. வேகமான பாட்டில் அடியைச் சின்னதாக்குங்கள். தொடைத் தசைக்கு தினமும் பத்து நிமிடம் பயிற்சி. அவ்வளவுதான்.

பயணத்தில் ஏதாவது பெரிய சங்கடம்?
*வாசகர், புதுச்சேரி*

சியோலில் நான் இறங்கினேன், என் பெட்டி இறங்கவில்லை. ஷூ அதற்குள். சியோலில் வாரத்தின் எல்லா நாளும் எங்காவது லிண்டி ஹாப் நடக்கும். எனக்கிருந்தது ஒன்பது இரவு, ஒன்றைக்கூட விட மனமில்லை. போட்டிருந்த ரப்பர் செருப்போடு போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

அங்கே ஆடுபவர்கள் சங்கங்களாகச் சேர்ந்து இயங்குகிறார்கள். புதிதாகச் சேர்பவர்கள் ஒரு தொகுதியாகச் சேர்ந்து கற்பார்கள், நம் கல்லூரி 'பேட்ச்' மாதிரி. அதற்குள் சொந்தப் பெயர் கிடையாது, எல்லோருக்கும் புனைபெயர். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் என் புனைபெயரைக் கேட்டார். யோசிக்காமல் 'காவேரி' என்றேன். என் காலைப் பார்த்துவிட்டு விரலால் தரையில் 240 என்று எழுதிக் காட்டினார். கொரியாவில் ஷூ அளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள். சரியாக என் அளவு. தன் பையிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்து முன்னால் வைத்தார். பெட்டி மூன்றாம் நாள் வந்தது. ஆனாலும் ஒன்பது இரவும் அந்த ஷூவில்தான் ஆடினேன், அவரே திருப்பி வாங்க மறுத்துவிட்டார்.

ஹார்லெமில் அந்த சவாய் இப்போதும் இருக்கிறதா?
*வாசகி, திருநெல்வேலி*

இல்லை. இடித்துவிட்டுக் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். 135ஆவது தெரு ரயில் நிலையத்தில் இறங்கி லெனாக்ஸ் அவென்யூவில் வடக்கே நடந்தேன். அந்தத் தெருவுக்கு இன்று கறுப்பின உரிமைக்குப் போராடிய மால்கம் எக்ஸின் பெயரும் உண்டு. 140ஐத் தாண்டியதும் ஒரு நினைவுப் பலகை. 2002இல் ஃபிராங்கி மானிங்கும், சவாயின் இன்னொரு பெரிய ஆட்டக்காரரான நார்மா மில்லரும் சேர்ந்து திறந்து வைத்தது. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். அந்தப் பலகையைத் தொட்டுவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றேன். டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் குழு வாசித்த இடம், ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் பதின்வயதில் பாடிய இடம். கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது.

மறுநாள் மே 26, மானிங் பிறந்த நாள். உலகம் முழுக்க லிண்டி ஹாப் ஆடுபவர்களுக்கு அதுதான் திருநாள். நாலாம் எண் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் பிராங்க்ஸில் உட்லான் கல்லறைத் தோட்டம். ஜாஸ் மேதை டியூக் எலிங்டனும் அங்கேதான், மானிங்கும் அங்கேதான். பூ வைத்தேன். தன் பிறந்த நாளில் தன் வயது எத்தனையோ அத்தனை பெண்களோடு வரிசையாக ஆடுவது அவருடைய வழக்கம். 85 வயதில் 85 பேர். ஒவ்வொருவரையும் ராணி என்று நினைத்துக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் தொடங்குவார். அவர் கல்லறை முன்னால் நானும் அதே மாதிரி குனிந்து வணங்கினேன். ஆட ஆள் இல்லை, தனியாக எட்டு எண்ணிக்கை மட்டும் ஆடிவிட்டு வந்தேன்.

உங்கள் அம்மா இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டார்?
*வாசகி, தஞ்சாவூர்*

அம்மாவுக்கு 74 வயது. "காசைச் செலவழிச்சு ஆடிட்டு வரியா?" என்று போனில் கேட்டதோடு சரி. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு நாள் மதியம் கூடத்தில் ஸ்விங் இசைக்குழுத் தலைவர் கவுன்ட் பேஸியின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன். ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், கொஞ்ச நேரத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். முதல் எண்ணிக்கையில்தான் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து, "ரெண்டுலயும் நாலுலயும்மா" என்று காட்டினேன். மூன்றாவது பாட்டில் கையை விட்டுவிட்டேன். அவரே போட்டுக்கொண்டிருந்தார்.