அலைபாயுதே ரயில் வசனம்: கார்த்திக் காதலைச் சொல்கிறானா, மறுக்கிறானா?

நீங்கள் கேட்பது மணிரத்னத்தின் 'அலைபாயுதே' படத்தில் (2000) மின்சார ரயிலில் வைத்து கார்த்திக்காக வரும் மாதவன், சக்தியாக வரும் ஷாலினியிடம் சொல்லும் வசனம். "நான் உன்னை விரும்பல, உன் மேல ஆசைப்படல, நீ அழகா இருக்கேன்னு நினைக்கல. ஆனா இதெல்லாம் நடந்திருமோன்னு பயமா இருக்கு. யோசிச்சு சொல்லு." காதல் இருக்கிறது என்கிறானா, இல்லை என்கிறானா என்பதுதானே கேள்வி?

காதல் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு பிள்ளையைப் பற்றி மனதில் ஒன்றுமே இல்லாதவன், அவள் போகும் ரயிலைத் தேடிப் பிடித்து ஏறி, "மனதில் ஒன்றுமில்லை" என்று அறிவித்துவிட்டுப் போக மாட்டான். 'விரும்பல, ஆசைப்படல, நினைக்கல' எல்லாம் இன்றைய கணக்கு. பயம் நாளைக்கு. பாதி வழி வந்தவனுக்குத்தான் அந்தப் பயம் வரும். போதாக்குறைக்கு மாதவனின் முகத்தில் பயத்தின் சாயலே கிடையாது. பயமாம்!

ஆனால் காதலைச் சொல்லிவிட்டான் என்றும் எழுத முடியாது. அவள் முகத்தைச் சுளித்தால், "விரும்பல என்றுதானே முதலே சொன்னேன்" என்று கழன்றுவிடலாம். அந்த வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறான். ரயிலும் அதற்கு வசதி, அடுத்த நிலையத்தில் இறங்கிவிடலாம். எங்கள் திருகோணமலையில் இருந்து படம் பார்த்தவர்களுக்கு அந்த வசதி உடனே பிடிபட்டிருக்காது. இலங்கையில் மின்சார ரயிலே கிடையாது. எங்களுக்கு ரயில் என்றால் கொழும்புக்குப் போகிற இரவு மெயில். அதில் ஏறி இப்படி ஒரு கதையைத் தொடங்கினால் விடியும்வரை அவள் முன்னால்தான் இருக்க வேண்டும்.

நான் முக்கியமாகப் பார்ப்பது கடைசியில் வரும் "யோசிச்சு சொல்லு". எதைச் சொல்ல? அவன் கேள்வியே கேட்கவில்லையே. தன் மனதில் இருப்பதைப் பற்றி ஒரு தகவல், அதுவும் இல்லை இல்லை என்று ஒரு தகவல் கொடுத்துவிட்டு, பதில் மட்டும் வேண்டுமாம். கேள்வியை அவளே போட்டு, அவளே யோசித்து, அவளே பதிலும் சொல்ல வேண்டும். வசனத்தின் கெட்டித்தனம் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் கள்ளத்தனமும்.

இது மெட்ராஸ் பெடியன் புதிதாகக் கண்டுபிடித்த வழியும் இல்லை. எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் "உங்கட மகளைத் தருவீங்களோ" என்று நேராகக் கேட்பதில்லை. தேத்தண்ணி குடித்து, மழை, விலைவாசி எல்லாம் கதைத்த பிறகு, "பிள்ளைக்கு எங்கயும் பாக்கிறீங்களோ?" என்பார்கள். பெண் வீட்டாருக்கு விருப்பமில்லை என்றால் "இல்லை, படிப்பு முடியட்டும்" என்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் மறுக்கவில்லை, இரண்டு வீட்டு மரியாதையும் மிஞ்சும். கார்த்திக் தரகரும் தாய் தகப்பனும் செய்கிற வேலையைத் தானே செய்கிறான்.

டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு இதை என் மச்சாளிடம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டாக்கள் சுத்தி வளைச்சுக் கேட்டா அது ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை. இவர் கேக்கிறது தனக்கு மட்டும் மரியாதை. ஆம்பிளையள் உங்களுக்கு இது விளங்காது" என்றாள். அதற்குள் ஒரு மான் வந்து அவள் கையில் இருந்த வெறும் கச்சான் சரையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. (திருகோணமலைக்கு வராதவர்களுக்கு: இங்கே மான்கள் ஊருக்குள்ளேயே திரியும், கடதாசியையும் விடாது.) வாக்குவாதம் அங்கே நின்றது. ஆனால் அவள் சொன்னதில் பாதி சரி என்றுதான் படுகிறது.

ஏனென்றால் அந்த வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் பின்னால் நடப்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு வீட்டாரும் சந்தித்து, பேச்சு முறிகிறது. அப்புறம் இவர்கள் கோவிலில் இரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் அவரவர் வீட்டுக்கே திரும்பிப் போகிறார்கள். ரயிலில் சொல்லியும் சொல்லாத காதல், இங்கே கட்டியும் கட்டாத கலியாணம். எதுவானாலும் பின்வாங்க ஒரு கதவு வேண்டும். அக்காவுக்குச் சம்பந்தம் பேசுகிற இடத்தில் சக்தியையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அப்போது "எனக்குக் கலியாணம் ஆகிவிட்டது" என்று வாயைத் திறப்பவள் சக்தி. நேராகப் பேசும் வேலை அங்கேயும் அவள் தலையில்தான் விழுகிறது.

இதனால் வசனம் கெட்ட வசனம் ஆகிவிடாது. காதல் வசனம் என்றால் நிலா, உயிர், ஏழேழு ஜென்மம் என்று இருந்த நேரத்தில், பெருமையாக ஒன்றையும் சொல்லாமல் காரியத்தை முடித்தது. ஒரு ஆளின் குணத்தையே நாலு வரியில் காட்டியும் விடுகிறது: கெட்டிக்காரன், கலகலப்பானவன், பொறுப்பை மட்டும் மெதுவாக மற்றவர் பக்கம் நகர்த்தி வைப்பவன். படத்தை இன்னொரு முறை பார்க்கக் கிடைத்தால் அந்த இடத்தில் மாதவனை விட்டுவிட்டு ஷாலினியைப் பாருங்கள். கேட்காத கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்ற பாடு முழுக்க அந்த முகத்துக்குத்தான்.

மச்சாளிடம் பிறகு ஒருநாள் கேட்டேன், நீ சக்தி என்றால் என்ன சொல்லியிருப்பாய் என்று. "நல்லா யோசிச்சுப்போட்டு நீயே வந்து சொல்லு எண்டு சொல்லியிருப்பன்" என்றாள்.